வெள்ளிக்கிழமை நண்பகலில் திணறிய சர்வர்

1. நகராத வண்டிகள்

அந்த வெள்ளிக்கிழமை கமால் பாய் எங்கள் யார்டைவிட்டுக் கிளம்பும்போது மணி பன்னிரண்டு ஆகவில்லை. அவருடைய தக்காளி ஏற்றிய லாரிகள் கேட்டை நோக்கி வரிசையாக நின்றிருந்தன. "வூட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு அப்படியே தொழுகைக்குப் போறம்மா. நான் திரும்பி வர்றதுக்குள்ள வண்டிங்க தொப்பூரு கணவாய் எறங்கியிருக்கணும்" என்று என் ஜன்னலருகே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஜும்மா முடிந்து அவர் திரும்பி வந்தபோது ஒரு வண்டிகூட நகர்ந்திருக்கவில்லை. டிரைவர்கள் ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் போனிலும் ஒரே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் தருமபுரி பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட்டில் சிஸ்டம் இன்சார்ஜ். பெயர் செல்வி. டைப்ரைட்டிங் முடித்துவிட்டு பில் அடிக்க வந்தவள், அடித்துக்கொண்டே சிஸ்டம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம், "கிளவுட்னா தேவைக்கேத்த மாதிரி தானா பெருசாகும், தானா சின்னதாகும், அவ்வளவுதானே மேடம்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. ஏன் வராது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் யார்டில் வேலை நடக்கிற விதம் இதுதான். சரக்கு ஏற்றிய லாரி உள்ளே வரும், எடை போடுவோம், டிரைவர் காத்திருப்பார். கிளம்பும்போது தன் போனில் எங்கள் ஆப்பைத் திறந்து 'பயணம் தொடங்கு' என்ற பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தியதும் சர்வர் எடை, பர்மிட், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் சரிபார்த்து ட்ரிப் ஷீட் கொடுக்கும். ட்ரிப் ஷீட் வந்தால்தான் கேட் திறக்கும். அன்றைக்கு அந்த ட்ரிப் ஷீட்தான் யாருக்கும் வரவில்லை.

கமால் பாய்க்குப் பாலக்கோட்டில் தக்காளி தரம் பிரிக்கிற கொட்டகை இருக்கிறது. அவர் சரக்கு திருவனந்தபுரம் வரைக்கும் போகிறது. அங்கே விடிவதற்கு முன்பே வியாபாரம் முடிந்துவிடும். பிந்திப் போனால் தக்காளியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் யார்டில் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு மேல் அவர் சரக்கை நம்பித்தான் ஓடுகின்றன. அவர் போய்விட்டால் அந்த டிரைவர்கள் வேறு இடம் தேட வேண்டியதுதான். எங்கள் ஆபீஸிலும் எத்தனை பேர் மிஞ்சுவோம் என்று தெரியாது.

பாய் கத்துகிற ஆள் இல்லை. வண்டிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, போன வெள்ளிக்கிழமையும் இப்படித்தானே ஆச்சு?"

"ஆமாங்க பாய்."

"சேலத்துல ஒரு டிரான்ஸ்போர்ட்காரரு மூணு மாசமா என்னையக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. உங்க மொதலாளி மூஞ்சிக்காகத்தான் நான் போவல. வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல என்னைய தப்பா நெனைக்கக் கூடாது."

2. மேசைக்கடியில் இருந்த பெட்டி

முன்பு எங்கள் சர்வர் என் மேசைக்கடியில் இருந்தது. கறுப்புப் பெட்டி, இரைச்சலான ஃபேன், பக்கத்தில் ஒரு யூ.பி.எஸ். மாம்பழ சீசன் வந்தால் வண்டிகள் குவியும். பெட்டி திணறும். சீசன் முடிந்ததும் அதே பெட்டி மாதக்கணக்கில் சும்மா கிடந்து கரண்ட்டைத் தின்னும். பெரிய பெட்டி வாங்கினால் சும்மா கிடக்கிற நாட்கள் தண்டம், சின்னப் பெட்டியே போதும் என்றால் சீசனில் அடி. பல வருஷம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓட்டினோம்.

முதலாளி மாதேஸ்வரன் பத்து வருஷம் லாரி ஓட்டிவிட்டுக் கம்பெனி வைத்தவர். கிளவுடுக்கு, அதாவது எங்கோ இருக்கிற வாடகை சர்வருக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது, "நம்ம சர்வரு எந்த ஊர்ல இருக்கும்? ஒரு நாளு போயிப் பாத்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டார். பார்க்க முடியாது என்றதும் அவர் முகம் சுருங்கியது. பிறகு அவர் பாஷையிலேயே சொன்னேன்.

"நம்ம சொந்த வண்டி கொஞ்சம்தான் வெச்சிருக்கிறோம். சீசன்ல சரக்கு கூடுனா வெளி வண்டியக் கூப்பிட்டுக்கிறோம். சரக்கு கொறஞ்சா அனுப்பிடுறோம். இதுவும் அதே மாதிரிதாங்க. வேலை கூடுனா வெளி சர்வரு வந்து சேந்துக்கும், கொறஞ்சா தானா போயிடும். இருந்த நேரத்துக்கு மட்டும் வாடகை."

"கூப்புடுறது யாரு?"

"யாரும் கூப்பிட வேணாம். அதுவே பாத்துக்கும்."

"அதுவே பாத்துக்குமா?" என்று சிரித்தார். "வண்டி புடிச்சித் தர்ற நம்ம புரோக்கரே சில நாளு பாக்க மாட்டேங்கறானே."

அப்படித்தான் மாறினோம். மாம்பழ சீசன் முழுவதும் ஒரு தடங்கலும் இல்லை. வேலை ஏற ஏற சர்வர்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, இறங்க இறங்கப் போயின. ஆட்டோ ஸ்கேலிங் என்று இதற்குப் பெயர். அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கிராஃபைப் பார்ப்பதே எனக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது. காலைக் காப்பியைக்கூட அதன் முன்னால் உட்கார்ந்துதான் குடிப்பேன்.

பிரச்சினை அதற்குப் பிறகு வந்தது. அதுவரை கவுண்டரில் காகித ட்ரிப் ஷீட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம். பொங்கல் முடிந்ததும் அதை நிறுத்திவிட்டு, எல்லாரும் போனில்தான் வாங்க வேண்டும் என்று ஆக்கினோம். கவுண்டர் மூடியது. வெள்ளிக்கிழமைத் திணறல் அந்த வாரத்திலேயே தொடங்கிவிட்டது.

3. நாளுக்கு ஒரு மாதிரி

எங்கள் கிளவுடைப் பார்த்துக்கொள்வது பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி. அங்கே நந்தினி என்று ஒரு பெண். ஓசூர்க்காரி, கெட்டிக்காரி. திங்கட்கிழமை காலையில் நானும் அவளும் ஆளுக்கொரு திரையில் அதே கிராஃபைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பேசினோம்.

"மேடம், இது ஒண்ணும் புரியல. திங்கள், செவ்வாய் ஃபுல்லா ஸ்மூத்தா இருக்கு. புதன்கிழமை ஒன்றரை மணிக்கு ஒரு ஸ்பைக், ஊசி மாதிரி ஏறுது. வியாழக்கிழமையும் ஒன்றரைதான். ஆனா அன்னைக்கு ஒன்றரைக்கு முன்னாடியே மெதுவா ஏறி, ஒன்றரை ஆனதும் டொக்குனு விழுந்துடுது. வெள்ளிக்கிழமை பன்னெண்டுக்கு அப்படியே செவுரு மாதிரி நிக்குது. சனிக்கிழமை பத்தரைக்கு ஒரு குட்டி செவுரு."

"மார்க்கெட் நேரமா இருக்குமோ?"

"மார்க்கெட்டுனா டெய்லி ஒரே டைம்தானே மேடம்? இது ஒரு நாள் இருக்கற மாதிரி இன்னொரு நாள் இல்ல."

அவள் சொன்னது நியாயம். நாள்தோறும் வண்டிகள் காலை எட்டிலிருந்து பத்தரைக்குள் யார்டுக்கு வந்து சேர்ந்துவிடும். எடை போடுவதும் அந்த நேரத்தில்தான். அப்படியானால் கிளம்புகிற நேரம் மட்டும் ஏன் நாளுக்கு நாள் மாற வேண்டும்? எனக்குப் பயம் ஒரு பக்கம் இருந்தாலும், இது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காது என்கிற நிலைமை ஆகிவிட்டது. மழை, மின்வெட்டு, டோல்கேட் நெரிசல், போன் டவர் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை நந்தினியின் டீமில் யாரோ ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரே நொடியில் இவ்வளவு பேர் வந்து மோதினால் அது மனிதர்களாக இருக்க முடியாது, யாரோ வேண்டுமென்றே சர்வரைத் தாக்குகிறார்கள் என்றார்கள். ஒரே இடத்திலிருந்து மொத்தமாக வருகிற கோரிக்கைகளைத் தடுக்கும்படி ஒரு விதியைப் போட்டார்கள்.

புதன்கிழமை ஒன்றரை மணிக்கு அந்த விதி நன்றாகவே வேலை செய்தது. யார்டில் நின்ற அத்தனை டிரைவர்களின் போனிலும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்துவிட்டது.

வெளியே கிளம்பிய சத்தம் என் அறைச் சுவரைத் தாண்டிக் கேட்டது. "நாங்க என்னா திருடனுங்களா?" என்று ஒருவர் ஜன்னலில் தட்டினார். நான் போனில் நந்தினியைப் பிடித்து விதியை எடுக்கச் சொல்வதற்குள் அரை மணி போய்விட்டது. முதலாளி என் அறைக்கு வந்து, மேசைக்கடியில் பழைய பெட்டி இருந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொட்டிய வித்துட்டமா, இருக்குதா?"

"குடோன்ல இருக்குதுங்க."

"தொடச்சி வையி. வெள்ளிக்கெழமைக்கு மேல வேண்டியிருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிளவுடுக்குப் போகலாம் என்று அவரை இழுத்து வந்தவள் நான்தானே. பழைய பெட்டி வந்தால் பாய் இருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதுவும் ஒரு சீசன்கூடத் தாங்காது.

4. எஞ்சின் நின்றிருந்த யார்டு

வியாழக்கிழமை நான் கிராஃபை மூடிவிட்டேன். பதினொரு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் யார்டு வேப்பமரத்தடியில் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் நான் யார்டில் உட்கார்ந்ததே இல்லை. என் அறையின் ஜன்னல் ரோட்டுப் பக்கம் பார்த்திருக்கிறது. டிரைவர்கள் நான் ஏதோ கணக்கெடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.

பன்னிரண்டு மணியிலிருந்து ஒருவிதப் பரபரப்பு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கழுவிவிட்டு ஓடினார்கள். ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பியது. ஒன்றேகால் ஆனபோது கேட்டில் ஒரே ஹாரன். எனக்குப் பழக்கமான டிரைவர் சென்றாயன் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டிப் பக்கம் விரைந்தார்.

"என்னாங்க சென்றாயன், நேத்து ஒன்றரை வரைக்கும் எல்லாரும் சாவகாசமா உக்காந்திருந்தீங்களாம். இன்னைக்கு ஒன்றரைக்குள்ள ஓடணும்னு பறக்கறீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நேத்து பொதங்கெழமைங்க மேடம். பன்னெண்டுல இருந்து ஒன்றரை வரைக்கும் ராவு காலம். இன்னைக்கு ஒன்றரைக்குத்தான் ஆரம்பிக்குது. அதுக்குள்ள கேட்டத் தாண்டிடணுமில்லைங்களா?"

சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனை எடுத்து, பட்டனை அழுத்தி, கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றுவதற்குக்கூட ராகு காலம் பார்ப்பார்கள். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அதையும் சர்வரையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? சிரிப்பு தாங்கவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்து எடை போடுகிறவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

கவுண்டர் இருந்த காலத்தில் டிரைவர்கள் வந்தவுடன் காகிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, நல்ல நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். காத்திருந்தது அவர்கள், சர்வர் இல்லை. இப்போது காகிதம் இல்லாததால் அத்தனை பேரும் ராகு காலம் முடிகிற அந்த நிமிடத்தில் ஒன்றாக அழுத்துகிறார்கள்.

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. உடனே வெளியே வந்து, மிச்சமிருந்த நாலைந்து டிரைவர்களைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நாளைக்கு வண்டி வந்ததும் பட்டன அமுக்கி ட்ரிப் ஷீட்ட வாங்கி வெச்சுக்குங்க. அப்பறம் எப்ப வேணும்னாலும் கெளம்புங்க."

அவர்களில் வயதில் மூத்த ஒருவர், "பட்டன்ல பயணம் தொடங்குன்னுதானே மொதலாளி போட்டிருக்குது? அமுக்குனா கெளம்புன மாதிரிதானே?" என்றார். "தொப்பூரு எறக்கத்துல பிரேக்க மிதிச்சிக்கிட்டு உக்காந்திருக்கறது நாங்கதானுங்களே. அந்த நேரத்துல மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டு இருக்கக் கூடாதுங்க."

முதலாளியே அந்த இறக்கத்தில் பத்து வருஷம் இறங்கியவர். என் பக்கம் திரும்பி, "அவங்கள மாத்த முடியாது. உன் கிளவுட மாத்த முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

நந்தினிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மேடம், எங்கம்மா என்னைய இந்த வேலை இண்டர்வியூக்கே ராகு காலம் பாத்துத்தான் அனுப்புனாங்க. நான் போயி அட்டாக்னு நெனச்சேன் பாருங்க!"

சிரித்து முடித்ததும் அவள் கிராஃபை மறுபடி திறந்தாள். அப்போது அவள் கண்டுபிடித்ததுதான் எனக்கு இன்றுவரை வியப்பு.

"மேடம், இங்க இன்னும் ஒண்ணு இருக்கு. வெள்ளிக்கிழமை காலைல எடை போடறப்ப அஞ்சு சர்வர் ஓடுது. பத்தரைக்கு எல்லாரும் உக்காந்துடறாங்க, டிராஃபிக் ஜீரோ. ஸ்கேலிங் என்ன நெனைக்குது? வேலை முடிஞ்சுது, எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சு மூணு சர்வர அனுப்பிடுது. பதினொன்றரைக்கு இன்னும் ஒண்ணு போகுது. பன்னெண்டுக்கு எல்லாரும் ஒண்ணா அழுத்தறப்ப மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு!"

புது சர்வர் எழுந்து வேலைக்குத் தயாராகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் வட்டம் சுற்றுகிறதே என்று டிரைவர்கள் மறுபடி மறுபடி அழுத்துவார்கள். வருகிற சர்வரும் அந்த நெரிசலில் மாட்டிக்கொள்ளும். வியாழக்கிழமை அப்படி இல்லை. ஒன்றரைக்குள் போக வேண்டும் என்று ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புவதால் வேலை சரிவாக ஏறுகிறது, கிளவுடும் கூடவே ஏறிவிடுகிறது.

வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பதும் வேலைக்காகக் காத்திருப்பதும் கிராஃபில் ஒரே மாதிரித்தான் தெரியும். அந்த வித்தியாசம் யார்டில் நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் புரியும்.

5. காரணம் என்ற கட்டம்

ஆப்பில் ட்ரிப் ஷீட்டுக்கு ஒன்று, கிளம்புவதற்கு ஒன்று என்று பட்டனைப் பிரித்து இரண்டாக்கலாம் என்று நந்தினி சொன்னாள். அதற்கு ஒரு மாதம் ஆகும். எங்களுக்கு ஒரு நாள்தான் இருந்தது. அதனால் ஷெட்யூல்ட் ஸ்கேலிங் போட்டோம். அதாவது, வேலை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், இந்தக் கிழமை இந்த நேரத்துக்குச் சற்று முன்பே இத்தனை சர்வர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. யார்டு அமைதியாக இருந்தாலும் அவற்றை அனுப்பக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னோம். நான் ஒவ்வொரு கிழமையாகச் சொல்ல, அவள் ஏற்றினாள்.

"மேடம், காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. எங்க மேனேஜர் பாப்பாரு. என்ன போட?"

"ராகு காலம்னே போடும்மா. வேற என்னத்தப் போடுறது?"

அப்படியே போட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு யார்டு அடங்கியது. முதலாளி பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் அறைக்கு வந்து போனார். "எமகண்டத்தையும் சேத்துட்டியா?" என்று நடுவில் ஒரு சந்தேகம். டிரைவர்களிடம் போய்க் கேட்டேன். "அதெல்லாம் பாத்தா பொழப்பு ஓடுமுங்களா மேடம்?" என்றார் சென்றாயன். அந்த வகையில் தப்பித்தோம்.

பதினொன்றே முக்காலுக்கு என் திரையில் சர்வர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் ஆறு சர்வர்கள் நின்றன. தண்டமாக நிற்கிறதே என்று உறுத்தத்தான் செய்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு யார்டுக்குப் போனேன். வண்டிகளுக்கு முன்னால் சூடம் எரிந்தது, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பன்னிரண்டு ஆனது. எல்லா எஞ்சின்களும் ஒன்றாக உறுமின. எல்லாக் கட்டைவிரல்களும் ஒன்றாக இறங்கின.

கிராஃப் சுவர் மாதிரி எழுந்தது. சுவர் எழுந்தபடியே நின்றது. முதல் ட்ரிப் ஷீட் சத்தம் யாருடைய போனிலோ கேட்டது, பிறகு யார்டு முழுக்க அதே சத்தம். கேட் திறந்தது. அரைமணி நேரத்தில் பாயின் கடைசி வண்டியும் சேலம் ரோட்டில் ஏறிவிட்டது. அப்போதுதான் லேப்டாப்பை எடை மேடையில் வைத்தேன்.

கமால் பாய் தொழுகை முடித்து வந்தார். காலி யார்டில் எண்ணெய்க் கறையும் நசுங்கிய எலுமிச்சைகளும்தான் கிடந்தன. சுற்றிப் பார்த்தார். நன்றாகச் செய்தாய் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. முதலாளியோடு டீ குடித்தார், தக்காளி விலையைப் பற்றிப் பேசினார். சேலத்துக்காரரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. போகிறாரா, இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து கிளம்பியவர் என் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"ஏம்மா, கெழமைக்குத் தகுந்தாப்புல நேரத்தச் சொல்லி வெச்சா, முன்னாடியே தயாரா நின்னுக்குதாமே? மாதேசு சொன்னாரு."

"ஆமாங்க பாய்."

"அப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. நோன்பு மாசம் வருது. எங்க கொட்டகை ஆளுங்க நாலு மணிக்கே சஹர் சாப்பாட்ட முடிச்சிட்டு லோடு ஏத்த ஆரம்பிச்சிடுவாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சாகணும். வண்டிங்க ஆறு மணிக்கே இங்க வந்து நிக்கும். மாசம் பூரா அப்படித்தான். பெருநாளுக்கு முந்தின ரெண்டு நாளு சரக்கு டபுளா இருக்கும். அதையும் இப்பவே சொல்லி வெச்சிடு."

நோன்பு மாதத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவர் இருக்கப்போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கண் நிறைந்துவிட்டது. அதை அவர் பார்க்காமலிருக்க திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிள்ளைகளே, கிளவுட் தானாகப் பெருசாகும், தானாகச் சின்னதாகும், அது உண்மைதான். ஆனால் அது நேற்று நடந்ததையும் இந்த நிமிடம் நடப்பதையும்தான் பார்க்கும். நாளைக்கு நடக்கப்போவதை நம் வாடிக்கையாளர்தான் வந்து சொல்ல வேண்டும். நம்மை விட்டுப் போக முடிவு செய்தவர் அதைச் சொல்ல மாட்டார்.

"பெருநாளுக்கு முந்தின ரெண்டு நாளும் ஆறு மணிக்கேதானுங்களா பாய்?" என்று கேட்டேன்.

"அஞ்சரைன்னே போட்டுக்க" என்றார்.